பை தைப்பதும் ஓர் அமானிதமே!



கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி மடல் வரைந்திருக்கிறார். அவருடைய மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. காதில் கிடந்ததை விற்று, மகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒருமுறை பேருந்திலும் இரயிலிலுமாக அந்தக் கணினி போய்வர வேண்டும். "வெளிநாட்டுப் பை மாதிரி ஒன்றை மகள் அச்சிட்டுத் தந்திருக்கிறாள். வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறது. ரவிக்கையும் ஜிப்பாவும் தைத்த அனுபவமும் இருக்கிறது. நானே தைத்தால் தாங்குமா? அல்லது கடையில் வாங்குவதுதான் நல்லதா?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. ரவிக்கையில் தையல் விட்டால் மீண்டும் தைத்துக்கொள்ளலாம். பையில் தையல் விட்டால் உள்ளே இருப்பது உடைந்துபோகும். எனவே இந்த மாதம் நம் கைத்திறன் பகுதியில் இதையே விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பை தைப்பது நம் பெண்களுக்குப் புதிய வேலை அன்று. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதனிட்டு, தைத்து, அதில் கிடைத்ததை ஏழைகளுக்கு வாரி வழங்கியவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணியைத் தாமே தைத்துக்கொண்டதையும், காலணியைத் தாமே செப்பனிட்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஊசி பிடிப்பது இழிவுமன்று, வெறும் பொழுதுபோக்குமன்று.

சகோதரியின் கேள்விக்கு என் விடை இதுதான்: தாங்கும், இன்ஷா அல்லாஹ். ஆனால் கண்ணில் படும் தையலைக் காட்டிலும், கண்ணில் படாத தையலுக்கு இரு மடங்கு கவனம் கொடுத்தால் மட்டுமே தாங்கும்.

அளவு எடுப்பது எதை?

பலர் தவறும் முதல் இடம் இது. "15.6 அங்குலக் கணினி" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து, பையின் அகலம் பதினாறு அங்குலம் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த 15.6 என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே எடுத்த அளவு. கணினியின் அகலம் அன்று. ஆகவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, கணினியை மூடி மேசைமேல் வைத்து, அதன் அகலம், உயரம், கனம் மூன்றையும் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

உதாரணமாக, அகலம் 14¼ அங்குலம், உயரம் 9¾ அங்குலம், கனம் 1 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கணினியின் அகலத்தோடு அதன் கனத்தையும் கூட்ட வேண்டும். துணி அதைச் சுற்றிவர வேண்டும் அல்லவா? 15¼ ஆயிற்று. சிரமமின்றி உள்ளே போய்வர அரை அங்குலம். உள்ளே வைக்கும் கால் அங்குல ஃபோம் இருபுறமும் இடத்தைப் பிடிப்பதால் இன்னோர் அரை அங்குலம். ஆக மொத்தம் 16¼ அங்குலம். தைத்து முடித்த பையின் உள் அகலம் இதற்குக் குறையவே கூடாது. நாம் 17 அங்குலமாக வைத்துக்கொள்வோம். இரு ஓரத்திலும் தையலுக்காக அரை அரை அங்குலம் விட்டு, துணியை 18 அங்குலமாக வெட்ட வேண்டும்.

மாதிரித்தாளை நம்புமுன்

பேட்டர்ன் எனப்படும் மாதிரித்தாளை அச்சிட்டுப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வழங்கும் தாளின் அகலம் நம் ஏ4 தாளைவிடச் சற்றே அதிகம். அங்கு வரைந்த மாதிரியை இங்கு அச்சிடும்போது, தாளுக்குள் அடங்குவதற்காக இயந்திரம் தானாகவே அதைச் சுருக்கிவிடக்கூடும். நூற்றுக்கு 95 பங்காகச் சுருங்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 18 அங்குலமாக இருக்க வேண்டிய துண்டு 17.1 அங்குலமாகிவிடும். தையல் ஓரம் போக மிஞ்சுவது 16.1 அங்குலம். நமக்குத் தேவையோ 16¼. பையைத் தைத்து முடித்து, ஜிப்பும் வைத்து, கணினியை நுழைக்கும் அன்றுதான் உண்மை தெரியும்!

இதைத் தவிர்க்கவே நல்ல மாதிரித்தாள்களில் ஓர் அங்குலச் சதுரம் ஒன்றைச் சோதனைக்காக வரைந்திருப்பார்கள். அச்சிட்டவுடன் அந்தச் சதுரத்தை இரும்பு அளவுகோலால் அளந்து பாருங்கள். பல ஆண்டு பழகிய துணி டேப் நீண்டுபோயிருக்கும். அதை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம். தையலுக்கான ஓரம் மாதிரித்தாளில் சேர்ந்திருக்கிறதா, நாம் தனியே விட வேண்டுமா என்பதையும் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, கவச உடைகளைச் செய்யுமாறும், அவற்றின் வளையங்களை அளவோடு அமைக்குமாறும் கட்டளையிட்டதை 'ஸபா' அத்தியாயத்தில் ஓதுகிறோம். நபி ஒருவரின் கைத்தொழிலுக்கே அளவு வலியுறுத்தப்பட்டது என்றால், நாம் கத்தரியை எடுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை அளப்பதில் என்ன தாமதம் வந்துவிடப் போகிறது?

அளவில் ஐயம் இருந்தால், பழைய கைலித் துணியில் ஒரு பையைப் பெரிய தையலிட்டு ஒட்டிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை; புதுத் துணி வீணாகாமல் தப்பும்.

தேவையான பொருள்கள்

17 அங்குல நீளம், 13½ அங்குல உயரம், 5 அங்குல ஆழம் கொண்ட பைக்கான கணக்கு இது. செண்டிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 43, 34, 13. விமானத்தில் கையோடு கொண்டுசெல்லப் பல நிறுவனங்கள் அனுமதிக்கும் 55, 35, 25 செண்டிமீட்டர் என்ற அளவுக்குள் இது அடங்கும்.

வெளிப்புறத்திற்குக் கனமான கேன்வாஸ் அல்லது ஜீன்ஸ் துணி, 44 அங்குலப் பன்னாவில் 1¼ மீட்டர். பருத்தித் துணியாயின் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லையேல் தைத்த பிறகு சுருங்கும். உள் லைனிங்கிற்குக் குடைத்துணி போன்ற நைலான் 1¼ மீட்டர். கால் அங்குல ஃபோம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர். ஒன்றரை அங்குல அகலமுள்ள கனத்த நைலான் நாடா 4½ மீட்டர். 18 அங்குல ஜிப் ஒன்று. அதில் இரண்டு இழுப்பான்கள் இருத்தல் நலம். டி வடிவ வளையம் இரண்டு. தோள்வாருக்கான கொக்கிகளும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையமும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். சாதாரணப் பருத்தி நூல் இந்தச் சுமைக்கு ஆகாது.

ஊசி 16ஆம் எண். நாடாவைத் தைக்கும்போது 18ஆம் எண். ரவிக்கை தைத்த 14ஆம் எண் ஊசியோடு இதில் இறங்கினால் ஊசி உடையும்.

வெட்டும் கணக்கு

முன்புறம், பின்புறம் இரண்டு துண்டுகள்: ஒவ்வொன்றும் 18 × 14½ அங்குலம். இரு பக்கங்களையும் அடிப்பகுதியையும் சுற்றிவரும் பட்டை ஒன்று: 45 × 6. மேலே ஜிப்பின் இருபுறமும் வரும் பட்டைகள் இரண்டு: ஒவ்வொன்றும் 18 × 3. லைனிங்கிலும் இவ்வாறே வெட்டிக்கொள்ளுங்கள். கணினிக்கான உள்ளுறைக்கு லைனிங்கில் 18 × 11¾ அளவில் இரண்டு துண்டுகள் கூடுதலாக வேண்டும்; இவற்றுக்கு நடுவேதான் ஃபோம் இருக்கும்.

ஃபோமை மட்டும் நான்கு புறமும் அரை அங்குலம் குறைத்து வெட்டுங்கள். தையல் ஓரத்திற்குள் ஃபோம் அகப்பட்டால் வீட்டு இயந்திரம் திணறும், தையலும் தாவும். ஃபோமின் மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, உருகிவிடும். குண்டூசிக்குப் பதிலாகத் துணி உலர்த்தும் கிளிப்புகளைப் பயன்படுத்தலாம்.

தைக்கும் ஒழுங்கு

முதலில் உள்ளுறை. இரு துண்டுகளுக்கு நடுவே ஃபோமை வைத்து, மேல் விளிம்பை மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். இதனைப் பின்புற லைனிங்கின் மீது பொருத்த வேண்டும். எங்கே என்பதுதான் முக்கியம். பையின் அடித்தையலிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே, குறுக்காக இரட்டைத் தையல் போட்டு இணைக்க வேண்டும். அதாவது, கணினி பையின் தரையில் நிற்காது. ஒன்றரை அங்குலம் உயரத்தில் தொங்கும். பேருந்து இருக்கையில் பையைத் 'தொப்'பென்று வைத்தாலும் தரையின் அடி கணினியின் மூலையில் விழாது. இந்த மூலை அடியாலும் கணினி உடையக்கூடும். அந்தக் குறுக்குத் தையலுக்குப் பின்னால் இரண்டு அங்குல அகலக் கேன்வாஸ் பட்டை ஒன்றை வைத்துத் தையுங்கள். கணினியின் முழுச் சுமையும் அந்த ஒரு கோட்டில் இருப்பதால், மெல்லிய லைனிங் மட்டும் அதைத் தாங்காது.

அடுத்து, வெளித்துண்டுகளில் வெளிப்பையும் கைப்பிடி நாடாவும் வைத்துத் தைக்க வேண்டும். அதன்பின் ஜிப்பை இரு பட்டைகளுக்கு நடுவே ஓர் அங்குல இடம் தெரியுமாறு தைத்தால், அந்தப் பகுதி 5 அங்குல அகலம் வரும். அதன் இரு முனைகளையும் நீண்ட பட்டையின் முனைகளோடு இணைத்து வளையமாக்குங்கள். இணைப்பில் டி வளையம் கோத்த நாடாத் துண்டை நுழைத்து, மூன்று முறை முன்னும் பின்னும் தைத்துவிடுங்கள்.

இப்போது ஒவ்வொரு துண்டிலும் வெளித்துணி, ஃபோம், லைனிங் மூன்றையும் ஓரத்தில் பெரிய தையலால் ஒன்றாக்கிக்கொண்டு, பட்டையோடு முன்புறத்தையும் பின்புறத்தையும் இணைக்கலாம். மூலை திரும்பும் இடத்தில் பட்டையின் ஓரத்தைத் தையல் கோட்டுக்கு ஒரு நூலளவு முன்பு வரை கத்தரித்துவிட்டால் சுருக்கமின்றித் திரும்பும். கனத்த இடங்களில் காலால் மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இரண்டாவது பக்கத்தை இணைக்குமுன் ஜிப்பைப் பாதி திறந்து வைக்க மறவாதீர்கள். மறந்தால் பையைத் திருப்ப வழியிராது! உள்ளே தெரியும் பிசிறு ஓரங்களை நாடாப் பட்டையால் மூடித் தைத்துவிட்டால் வேலை முடிந்தது.

கைப்பிடி: எல்லாம் இங்கேதான்

கணினி, அதன் மின்னூட்டி, இரண்டு புத்தகம், ஒரு மாற்றுடை என்று சேர்ந்தால் ஐந்தாறு கிலோவை எளிதில் தொட்டுவிடும். ஓடும் அவசரத்தில் பையை வெடுக்கென்று இழுக்கும்போது கைப்பிடியில் விழும் சுமை இன்னும் பல மடங்காகும்.

கைப்பிடியைப் பையின் மேல் விளிம்பில் மட்டும் செருகித் தைப்பது பார்க்க அழகாக இருக்கும்; வேகமாகவும் முடியும். அப்படித் தைத்த பைதான் பேருந்து நிலையத்தில் பிய்ந்து விழுகிறது. சரியான முறை வேறு. நாடாவை அடித்தையலிலிருந்தே தொடங்கி, பையின் மேற்பரப்பில் மேல்நோக்கிக் கொண்டுசென்று, கைப்பிடியாக வளைத்து, மீண்டும் அடித்தையல் வரை இறக்க வேண்டும். ஒரு கைப்பிடிக்கு 49 அங்குல நாடா பிடிக்கும். இரு கால்களுக்கும் இடையே 6 அங்குலம் இருக்கட்டும். பையின் மேல் விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே, நாடாவின் மீது ஒரு சதுரமும் அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறியுமாகத் தைக்க வேண்டும். அந்த இடத்திற்குப் பின்னால், உள்பக்கம், இரண்டு மடிப்புக் கேன்வாஸ் துண்டு வைக்க வேண்டும். லைனிங் வந்து மூடிவிடுவதால் இந்தத் துண்டை யாருமே பார்க்கப் போவதில்லை. ஆனால் பையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் இயந்திரம் இவ்வளவு கனத்தைத் தைக்க மறுத்தால் வெட்கப்பட வேண்டாம். இந்த நான்கு சதுரங்களை மட்டும் பை, பெட்டி பழுது பார்க்கும் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கனரக இயந்திரத்தில் சில நிமிட வேலை. "முழுவதும் நானே தைத்தேன்" என்ற பெருமையைவிட, மகளின் கணினி பெரிது.

நமக்கேற்ற மாற்றங்கள்

மாதிரித்தாளை வரைந்தவர் தம் ஊர்ப் பயணியை எண்ணி வரைந்திருப்பார். நம் பிள்ளையின் பயணத்துக்கு ஏற்ப நாம் சிலவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

மின்னூட்டிக்கு வெளியே தனிப் பை வையுங்கள். கணினியோடு ஒரே உறையில் வைத்தால் அதன் கட்டி திரையை அழுத்தி விரிசல் உண்டாக்கும். தண்ணீர்ப் புட்டிக்கு இடம் எப்போதும் வெளிப்பக்கத்தில்தான். மெல்லிய தொழுகை விரிப்பு ஒன்றும் மாற்று மக்கனா ஒன்றும் வைக்க முன்புறத்தில் அகலமான ஓர் அறை வைக்கலாம். குர்ஆன் ஷரீஃப் கொண்டுசெல்லும் பிள்ளையாயின், அதற்கென ஜிப்புக்கு அருகே, மேற்பகுதியில் சிறு அறை அமையுங்கள். அடியில் செருப்பும் சீப்புமாகக் கலந்து கிடக்க வேண்டாம். பெட்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ள, பையின் பின்புறம் 8 அங்குல உயரப் பட்டை ஒன்றை, மேலும் கீழும் திறந்தவாறு, இரு பக்கத்தையும் மட்டும் தைத்துவிடலாம்.

அழகுக்கும் ஒரு யோசனை. வெளிநாட்டு நிறுவனத்தின் முத்திரை பதித்த துணியைத் தேடி அலைவதைவிட, நம் பத்தமடைப் பாயில் ஒரு துண்டு போதுமே! திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், கோரைப்புல்லைக் கிழித்து, ஊறவைத்து, சாயமிட்டு, பட்டுபோன்ற பாய் நெய்வது நம் லெப்பைக் குடும்பங்களின் பரம்பரைக் கைத்தொழில். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. முன்புறம் கைப்பிடி நாடாக்களுக்கு இடையிலுள்ள 6 அங்குல இடத்தில், 7 அங்குல அகலத் துண்டை வைத்து, அதன் இரு ஓரங்களும் நாடாவுக்குள் மறையுமாறு தைத்தால் கோரை பிரியாது. மேல், கீழ் ஓரங்களைத் துணிப்பட்டையால் மூடிவிடுங்கள். மடிப்பு விழும் இடத்தில் மட்டும் பாயை வைக்கக்கூடாது, கோரை ஒடிந்துவிடும்.

சோதித்த பின்பே கொடுங்கள்

பை முடிந்தவுடன் கணினியை வைத்து அனுப்பிவிடாதீர்கள். எட்டுக் கிலோ அரிசியைப் பொட்டலங்களாகக் கட்டி உள்ளே வைத்து, ஓர் இரவு முழுவதும் உறுதியான கொக்கியில் தொங்கவிடுங்கள். காலையில் பத்து முறை வெடுக்கென்று தூக்கிப் பாருங்கள். பிறகு கைப்பிடிச் சதுரங்களையும் அடித்தையலையும் வெளிச்சத்தில் பாருங்கள். நூல் இழுபட்டு ஊசித்துளை பெரிதாகியிருந்தால், அந்த இடத்தைப் பிரித்து மீண்டும் தைக்க வேண்டும். அடுத்து, கணினியின் அளவில் பழைய நோட்டுப் புத்தகங்களைக் கட்டி உறையில் வைத்து, முழங்கால் உயரத்திலிருந்து பையைத் தரையில் போட்டுப் பாருங்கள். புத்தகக் கட்டு தரையில் இடிக்கும் ஓசை கேட்டால் உறை தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

மகளுக்கும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கணினியை முழுமையாக அணைத்த பின்பே உறையில் வைக்க வேண்டும்; அரைத்தூக்கத்தில் வைத்தால் அதன் சூடு ஃபோமுக்குள் அடைபட்டுப்போகும். நைலான் லைனிங் இருந்தாலும் ஊசித்துளை வழியே மழைநீர் கசியும். மழைக்காலத்தில் ஒரு பாலிதீன் உறையும் பையில் இருக்கட்டும்.

கூலிக்குத் தைப்போருக்கு

இந்தப் பையை நாலு பேருக்குத் தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்க எண்ணும் சகோதரிகளும் இருப்பீர்கள். நல்லது, பரக்கத் உண்டாகட்டும். இரண்டு செய்திகளை மட்டும் நினைவிற்கொள்ளுங்கள். விலைக்கு வாங்கிய மாதிரித்தாளில், அதைக் கொண்டு தைத்த பையை விற்க அனுமதி உண்டா என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்து, அதன்படி நடங்கள். அதுவும் ஓர் ஒப்பந்தமே.

இரண்டாவது, லைனிங்கிற்கு உள்ளே இருப்பதைப் பற்றியது. கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்டு, அந்த வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டார்கள். பையும் அப்படித்தான். கால் அங்குல ஃபோமுக்குக் காசு வாங்கிக்கொண்டு காலில் பாதி வைத்தாலும், கைப்பிடிக்குப் பின்னால் கேன்வாஸ் வைக்காமல் விட்டாலும், வாங்குபவர் கண்டுபிடிக்க மாட்டார். லைனிங் மூடிவிடும். ஆனால் ஏதோ ஒரு தாய் காதில் கிடந்ததை விற்று வாங்கிய பொருள், அந்த மூடிய தையலை நம்பித்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் பாராததை அல்லாஹ் பார்க்கிறான்.

கீழக்கரைச் சகோதரியே! தயங்காமல் தையுங்கள். அளந்து வெட்டுங்கள். மறைவான இடத்தில் அழுத்தமாகத் தையுங்கள். மகள் ஊர் போய்ச் சேர்ந்ததும் பை எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அவளுடைய கல்வியில் அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.